தட்டுவாரும் திறப்பாரும்

ஒருவன் தான் கண்ட உண்மையைத் தன்னளவில் வைத்துக்கொள்ளல் தகுமா? அன்றி, அதனைப் பிறர் வாயிலுக்குச் சுமந்து சென்று, ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுதல் தகுமா? சமயம் என ஒன்றை மாந்தன் கண்ட நாள்முதல் இவ்வினா இருந்துவருகின்றது. பசித்தவனுக்கு உணவிருக்கும் இடத்தைச் சொல்லாமல் இருப்பது தன்னலம் என்பர் ஒரு சாரார். பசியில்லாதவன் வாயில் உணவைத் திணிப்பது வன்முறை என்பர் மற்றொரு சாரார். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலின், சமயம் பரப்பலாமா, கூடாதா என்று கேட்பதினும், பிறர் வாயிலைத் தட்டும் தகுதி யாருக்கு உண்டு என்று கேட்பதே பொருத்தமுடையது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒருமுறை நடந்து வருவார்க்கு இது வெறும் ஏட்டு வினாவாகத் தோன்றாது. ஜாலான் பெர்ஹாலாவில் பௌத்த மகா விகாரை நிற்கின்றது. இலங்கையிலிருந்து வந்த சிங்கள மக்கள் 1894இல் அமைத்த சங்கம் அதனைத் தோற்றுவித்தது. யாழ்ப்பாணச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், 1904இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமமும், தமிழ் லுத்தரன் கிறித்தவரின் சீயோன் ஆலயமும், கத்தோலிக்கரின் செபமாலை அன்னை ஆலயமும் ஒன்றற்கொன்று நெடுந்தொலைவில் இல்லை. கிள்ளானிலும் சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் லூர்து அன்னை ஆலயமும் ஒரே நகரின் காற்றில் தத்தம் மணியோசையைக் கலக்கின்றன. இவற்றுள் எதுவும் இம்மண்ணில் தானே முளைத்ததன்று. ஒவ்வொன்றையும் யாரோ சிலர் கப்பலேறிச் சுமந்து வந்தனர். தம் மக்களுக்காகச் சுமந்தவர் சிலர். பிற மக்களுக்கு அளிப்பதற்காகச் சுமந்தவர் சிலர். பின்னவரைப் பற்றியதே இக்கட்டுரை.

மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 11ஆம் பிரிவு, ஒருவர் தம் சமயத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை வழங்குகின்றது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவும் அதே பிரிவு இடமளிக்கின்றது. சட்டத்தின் எல்லை அது. எனினும், சட்டம் இசைவு தருவது வேறு. அறம் இசைவு தருவது வேறு. சட்டம் தடுக்காத வாயிலிலும், தட்டுகின்ற கை தகுதியுடையதா என அறம் கேட்கும்.

அத்தகுதியை ஆராய ஒரு களம் வேண்டும். தட்டுவாரின் பின்னால் படையும் அரசும் நிற்கும் இடம் அதற்கு உதவாது. அங்கே கதவு திறப்பது அச்சத்தாலோ ஆதாயத்தாலோ என்பதை அறிய இயலாது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் மலாயாவை ஆண்டபோது பள்ளிகளில் தம் மொழியைக் கட்டாயமாகப் புகுத்தினர். மாணவர் பாடினர், கிழக்கு நோக்கி வணங்கினர். படை நீங்கியதும் அப்பாடமும் பள்ளிகளை விட்டு நீங்கிற்று. வாள் கற்பித்ததை உள்ளம் கற்பதில்லை என்பதற்கு இது போதிய சான்று. இனி, இதன் மறுதலையைக் காண வேண்டும். படையும் இன்றி, மொழியும் அறியாது, ஜப்பானியரின் வாயிலிலேயே சென்று நின்ற அயலாரின் நிலை எத்தகையது?

மோர்மன் என வழக்கில் வழங்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. அச்சபையின் இளைஞர்கள் ஈராண்டுக் காலம் சமயப் பணிக்குச் செல்வது வழக்கம். 2012 முதல் ஆடவர் 18 வயதிலேயே இப்பணிக்குச் செல்லலாம். செல்லும் நாட்டை இளைஞர் தேர்ந்தெடுப்பதில்லை. சபை அனுப்பும் இடத்திற்கு அவர் செல்கின்றார். ஊதியம் இல்லை, செலவை அவரும் குடும்பத்தாரும் ஏற்கின்றனர். ஜப்பானுக்கு அனுப்பப்படுபவர் சில வாரங்கள் மொழிப் பயிற்சி பெற்றுப் புறப்படுகின்றார். விடியற்காலை எழுந்து படித்தல், வெள்ளைச் சட்டையும் பெயர் அட்டையும் அணிதல், துணையாக அமர்த்தப்பட்ட மற்றோர் இளைஞரோடு மிதிவண்டியில் தெருத்தெருவாகச் செல்லுதல், வாரத்தில் ஒரு நாள் துணி துவைத்து வீட்டுக்கு எழுதுதல் என அவர் வாழ்க்கை அமைகின்றது. 2019 வரை, பெற்றோர் குரலை ஆண்டில் இரு முறையே கேட்கலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது. பதினெட்டு வயதில் ஒருவன் தாய் முகம் காணாது, தான் விரும்பித் தேராத ஊரில், தன்னை விரும்பி அழைக்காத மக்களிடையே ஈராண்டு வாழ்தல் எளிய நோன்பன்று.

ஜப்பானிய வீட்டின் வாயிலில், காலணியைக் கழற்றி வைக்கும் சிறு இடம் ஒன்று உண்டு. அவ்விளைஞர் பலமுறை அவ்விடத்தைத் தாண்டுவதில்லை. அங்கு அவர் அடிக்கடி கேட்கும் சொல் 'கெக்கோ தெசு' என்பதாகும். அதன் நேர்ப்பொருள் 'நன்று' என்பது. வாயிலில் அது குறிக்கும் பொருளோ 'வேண்டா' என்பது. சொற்பொருளை மட்டும் கற்று வந்தவர் மகிழ்ந்து நிற்பார். மக்களைக் கற்றவர் வணங்கி விடைபெறுவார். தமிழர் இல்லத்திலும் 'பார்க்கலாம்' என்னும் சொல் இப்பணியைத்தான் செய்கின்றது. கிள்ளானில் ஓர் இல்லத்தரசி, வந்தவர் எச்சமயத்தவர் ஆயினும், 'உட்காருங்கள்' என்று தேநீர் கொடுப்பார். அது விருந்தோம்பல், இசைவு அன்று. விருந்தோம்பலை இசைவாகக் கணக்கெழுதிக்கொள்பவர் அவ்வீட்டின் பண்பைக் களவாடியவர் ஆவார்.

இப்பணியின் விளைவு எண்ணிக்கையில் பெரிதன்று. 1901இல் இச்சபையின் முதற்குழு ஜப்பானை அடைந்தது. அக்குழுவில் இருந்த அல்மா டெய்லர் என்பாருக்கு அப்போது வயது 19. அவர் ஒன்பது ஆண்டளவு அங்கேயே தங்கி, மொழியைக் கற்று, தம் சபையின் மறைநூலை ஜப்பானியத்தில் பெயர்த்து 1909இல் வெளியிட்டார். அவ்வளவு உழைத்தும், 1924இல் அப்பணி மூடப்பட்ட வரையில் திருமுழுக்குப் பெற்றோர் இருநூற்றுவரினும் குறைவு. மீண்டும் 1948இல்தான் பணி தொடங்கிற்று. வெற்றியை எண்ணிக்கையால் அளப்பார்க்கு இது தோல்வி. ஆயினும், ஒன்றுமறியாது வந்த பத்தொன்பது வயதினர், பிற மக்களின் மொழியில் ஒரு நூலையே பெயர்க்கும் நிலைக்கு உயர்ந்தாரே, அந்த மாற்றத்தை எக்கணக்கில் சேர்ப்பது? பிறரை மாற்றச் சென்றவரே பெரிதும் மாறினார் என்பதன்றோ உண்மை!

இக்கருத்தை மேலும் ஆழ்ந்து காண, டெய்லருக்கு மூன்றரை நூற்றாண்டு முன்னர் அந்நாட்டில் கால் வைத்த ஒருவரை நோக்குதல் வேண்டும். அவர் தமிழர்க்கும் மலாக்காவிற்கும் அயலானவர் அல்லர். புனித சவேரியார் எனப்படும் பிரான்சிஸ் சேவியர் 1542இல் கோவாவை அடைந்து, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிப் பரதவ மக்கள் அங்கே கிறித்தவம் தழுவியிருந்தனர். சேவியர் மணியடித்துச் சிறுவரைக் கூட்டித் தமிழில் வேண்டுதல்களைக் கற்பித்தார். ஆனால் அவர்தம் தமிழோ மனப்பாடத் தமிழ். 'விசுவசிக்கின்றேன்' என வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் நின்றது. பின்னர் அப்பிழையை உணர்ந்து, திருத்துமாறு 1544இல் தம் உடன்பணியாளருக்கு எழுதினார். நம்புதற்கும் விரும்புதற்கும் இடையிலுள்ள தொலைவை அறியாமலே மக்கள் அதுகாறும் ஓதினர். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே திங்களில் பதினாயிரத்தினும் மிகுந்தோருக்கு அவர் திருமுழுக்கு அளித்ததாகவும் எழுதியுள்ளார். சிறுவர்கள் தெய்வ உருவங்களை உடைத்தது கண்டு மகிழ்ந்ததையும், கோவாவிற்குச் சமய விசாரணை மன்றம் வேண்டும் எனப் போர்த்துக்கல் மன்னருக்கு 1546இல் எழுதியதையும் மறைத்தல் நேர்மையாகாது. அங்கே அவருக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. அரசின் நிழலில் நின்றவர் எண்ணிக்கையில் வென்றார். கேட்கும் பழக்கத்தை இழந்தார்.

1547இல் மலாக்காவில் அவர் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்தார். அவரையும் அழைத்துக்கொண்டு மலாக்காவிலிருந்து சீனர் கப்பலொன்றில் புறப்பட்டு, 1549 ஆகஸ்ட் 15ஆம் நாள் ககோஷிமாவை அடைந்தார். அங்கே போர்த்துக்கீசியப் படை இல்லை. மக்கள் தம்மைப் பற்றிப் பேசிக்கொள்ள, தாமோ மொழியறியாது சிலைகள்போல் நிற்பதாக அவர் எழுதினார். அவர் இந்தியாவிலிருந்து வந்தவராதலின், அவர் கொணர்ந்ததும் பௌத்தத்தின் ஒரு பிரிவே எனப் பலர் கருதினர். அதற்கு அவரும் ஒரு காரணம். அஞ்சிரோவின் சொல்லை நம்பி, இறைவனைக் குறிக்க 'தைநிச்சி' என்னும் சொல்லை ஆண்டார். அது ஜப்பானியப் பௌத்தர் வணங்கும் வைரோசன புத்தரின் பெயர்! துறவிகள் முகமலர்ந்து வரவேற்றதன் காரணம் பின்னரே விளங்கிற்று. பிழையை அறிந்ததும் அச்சொல்லைக் கைவிட்டு, 'தேவுஸ்' என்னும் இலத்தீன் சொல்லையே வழங்கலானார்.

தமிழ்க் கரையில் ஒரு சொற்பிழை. ஜப்பானில் மற்றொரு சொற்பிழை. ஆயினும் இரண்டற்கும் வேறுபாடு உண்டு. ஜப்பானில் அவர் எதிர்வினாக்களைக் கேட்டாக வேண்டியிருந்தது. ககோஷிமாவில் நின்ஷிட்சு என்னும் முதிய சென் துறவியோடு நட்புப் பூண்டு, உயிர் அழிவதா அழியாததா எனப் பலகால் உரையாடினார். அத்துறவி சமயம் மாறினாரில்லை, நட்பும் மாறிற்றில்லை.

அவர் எதிர்கொண்ட வினாக்களுள் மிகக் கடியது யாமகுச்சி நகர மக்கள் கேட்டதாகும். இறைவன் உண்மையெனின், அவனை அறியாமலே மறைந்த எம் தாய்தந்தையர் என்னாயினர்? நரகிலிருந்து அவரை மீட்க வழியில்லையா? அக்காலச் சபையின் போதனைப்படி, வழியில்லை என்றே சேவியர் விடையிறுத்தார். கேட்டவர் அழுதனர். தாம் அன்பு கொண்டோர் இங்ஙனம் அழுவது கண்டு தம் உள்ளமும் நொந்ததாக 1552இல் எழுதிய கடிதத்தில் அவரே குறித்துள்ளார். தமிழ்க் கரையில் உருவங்கள் உடைவது கண்டு மகிழ்ந்தவர், இங்கே மக்கள் உள்ளம் உடைவது கண்டு நொந்தார். அவர்தம் கோட்பாடு அன்று மாறவில்லை. எனினும், கோட்பாட்டின் விலை என்ன என்பதை அக்கண்ணீர் அவருக்குக் கற்பித்தது.

அவ்வினா அவரோடு முடியவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை, தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோரும் மீட்புப் பெறக்கூடும் என 1964இலும், பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் தான் புறக்கணிப்பதில்லை என 1965இலும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வாயிலாக அறிவித்தது. யாமகுச்சி மக்களின் கண்ணீருக்கு அந்த விடை வர நானூறு ஆண்டுக்கு மேலாயிற்று. மோர்மன் சபை வேறொரு விடையைக் கண்டது. மறைந்த முன்னோருக்காக உயிருடன் இருப்போர் திருமுழுக்குப் பெறும் சடங்கு அச்சபையில் உண்டு. அவ்விடையும் ஒரு புது வினாவை எழுப்பிற்று. நாசிகளால் கொல்லப்பட்ட யூதர் பலரின் பெயரால் இச்சடங்கு நடத்தப்பட்டதை அறிந்த யூதர் வருந்தினர். 1995இல் அதனைத் தவிர்க்கச் சபை உடன்பட்டது. அன்பினால் செய்வதாயினும், இசைவு கேளாமல் செய்யின் அது இறந்தோரின் வாயிலையும் உடைத்து நுழைவதாகும்.

இவை அயலார் கதைகள் என ஒதுக்கத்தக்கன அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் இல்லத்தைக் கருதிப் பார்க்கலாம். மூத்த மகன், நெடிது சிந்தித்தே, வேறொரு சமயத்தைத் தழுவுகின்றான். ஆண்டுகள் செல்கின்றன. தந்தை மறைகின்றார். கொள்ளிக்குடம் சுமப்பவர் யார்? சுமப்பது தன் புதிய நம்பிக்கைக்கு மாறு என அவன் தயங்குகின்றான். 'நீ தொடாதே' எனச் சிற்றப்பன் சினக்கின்றார். பெற்ற தாய் இருவர் முகத்தையும் மாறி மாறி நோக்குகின்றாள். யாமகுச்சியில் எழுந்த வினாவே இங்கும் எழுகின்றது: புதிய உண்மைக்கும் பழைய பாசத்திற்கும் நடுவே நிற்பவன் யாரைக் கைவிடுவான்? அவனுக்குப் புதுநெறி காட்டியவர் அந்த நாளில் எங்கே நிற்கின்றார்? எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த வாயிலுக்குச் சென்றுவிட்டாரா? அன்றி, அவ்வீட்டின் முற்றத்தில் வந்து நின்று, தந்தையை வணங்க மகனுக்குத் துணை செய்கின்றாரா? தட்டுவாரின் தகுதி அந்த முற்றத்தில்தான் விளங்கும். ஒருவரின் வாழ்வை மாற்றுமாறு வேண்டுபவர், அம்மாற்றத்தால் வரும் துயரிலும் பங்கு கொள்ளக் கடமைப்பட்டவர். சிற்றப்பனுக்கும் கடமை உண்டு: சமயம் மாறியவன் மகன் என்னும் நிலையிலிருந்து மாறியவன் அல்லன் என்பதை அவர் உணர்தல் வேண்டும்.

கேட்டறியும் பண்பு தட்டுவாரை எத்துணை உயர்த்தும் என்பதற்குக் கோலாலம்பூரிலேயே ஒரு சான்று உண்டு. சேவியர் விட்டுச்சென்ற முத்துக்குளித்துறைப் பணியில் பின்வந்த அண்டிறீக்கு அடிகளார் மனப்பாடத் தமிழோடு நில்லாது, இலக்கணம் அறிந்து எழுதும் அளவிற்குத் தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் நூல் அச்சேற்றினார். அந்தோம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679இல் வெளிவந்தது. அவ்வகராதியை 1966இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி மீண்டும் பதிப்பித்தவர் தவத்திரு தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரோமாபுரியில் குருப்பட்டம் பெற்ற அவர், முப்பது வயதை நெருங்கும் பருவத்தில் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றார். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையில் பணியாற்றி, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். அவர் தம் சமயத்தை விட்டாரில்லை. பிறர் சமயத்தை விடுமாறு கேட்டும் நின்றாரில்லை. சைவரும் வைணவரும் முஸ்லிம்களும் அவரைத் தம்மவராகவே கொண்டனர். கற்க வந்தவருக்குத் திறவாத தமிழர் வாயில் இல்லை என்பதற்கு அவர் வாழ்வே கரி.

இனி, திறப்பாரின் கடமையும் எண்ணத்தக்கது. தட்டும் ஓசை கேட்டதும் சினந்து கதவடைப்பது வலிமையின் அடையாளமன்று. தன் நம்பிக்கையின் வேரை அறியாதவனே காற்றுக்கு அஞ்சுவான். மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதை, வஞ்சி மாநகரில் அவ்விளநங்கை பல சமயத்து ஆசிரியரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டறிந்ததைக் கூறுவது. அவள் அனைத்தையும் கேட்டாள், கேட்டதெல்லாம் ஏற்றாளில்லை, ஏலாததை உரைத்தவரைப் பகைத்தாளுமில்லை. பின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் அறங்கேட்டுத் தன் நெறியில் நின்றாள். கேட்டலும் தெளிதலும் இன்றி வரும் மாற்றமும் மாற்றமன்று. கேட்டலும் தெளிதலும் இன்றி நிலைத்திருப்பதும் நிலைபேறன்று.

ஆகவே, பிறர் வாயிலைத் தட்டும் தகுதி யாருக்கு உண்டு என்னும் வினாவிற்கு ஒருவாறு விடை கூறலாம். அவ்வீட்டாரின் மொழியை, சொல்லளவில் மட்டுமன்றி உள்ளத்தளவிலும் கற்க முனைபவருக்கு உண்டு. 'வேண்டா' என்னும் சொல்லை முகம் கோணாது ஏற்பவருக்கு உண்டு. தம் சொல்லால் விளையும் கண்ணீருக்குத் தாமும் பொறுப்பேற்பவருக்கு உண்டு. இவை மூன்றும் ஒரே பண்பின் மூன்று கிளைகள்: பிறரை மாற வேண்டுபவர், தாமும் மாற இசைந்திருத்தல் வேண்டும். அவ்விசைவு இல்லாதவர் வாயிலில் நிற்கலாமேயன்றி, எவர் உள்ளத்திலும் நுழைய இயலாது.

இது சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும் நாள்தோறும் முப்பது வாயில்களைத் தட்டுபவரே. மாணவர் எழுந்து நின்று வணங்குவதைக் கற்றலென மயங்கும் ஆசிரியர், 'கெக்கோ தெசு' கேட்டு மகிழ்ந்து நிற்கும் இளைஞரை ஒப்பர். பொருளறியாது ஒப்பிக்கும் மாணவர், 'வேணும்' என்று ஓதிய முத்துக்குளித்துறைச் சிறுவரை ஒப்பர். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவன் ஒருநாள் எழுந்து, விடை எளிதில் கூறவியலாத ஒரு வினாவைக் கேட்கக்கூடும். அன்று அவனை அமரச் சொல்லாமல், அவ்வினாவின் முன் சற்றே தலைதாழ்ந்து நிற்கும் ஆசிரியருக்கே அவன் கதவு திறக்கும்.